கரையோரத்து முழங்கால் தண்ணீர்: குமரிக் குளங்களில் நாட்டு மீன்குஞ்சுகளுக்கு என்ன நேர்கிறது

கன்னியாகுமரி மாவட்டத்துக் குளங்களில் மீன் குறைந்துவிட்டதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் கட்லாவும் ரோகுவும் வலை நிறைய வருவதைச் சொல்வார். சாயங்காலம் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுபவர் ஜிலேபிக்குக் குறைவே இல்லை என்பார். அறுபது எழுபது வயதைத் தாண்டியவர்களோ, வயலுக்குத் தண்ணீர் பாயும்போது கூடவே ஏறிவந்த பொடிக்கெண்டையும் குறவையும் தேளியும் எங்கே போயின என்று கேட்பார்கள். மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். தண்ணீரில் மீன் இருக்கிறது. எந்த மீன் என்பதுதான் மாறிக்கொண்டு வருகிறது.

இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது, வெளியிலிருந்து வந்த பெரிய மீன் நம்மூர் மீனைத் தின்று தீர்த்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் விஷயத்தின் பெரும்பகுதி அங்கே நடப்பதில்லை. முட்டை பொரிந்த முதல் மூன்று நான்கு வாரங்களில், கரையோரத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில் அது முடிவாகிவிடுகிறது. அந்த அளவுக் குஞ்சு எந்த வலையிலும் தங்காது, எந்தச் சந்தைக்கும் வராது. அதனால் அது செத்தாலும் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. வளர்ந்த மீன் குறைந்தது நம் கண்ணில் படும்போது, அதற்கான காரணம் சில வருடங்களுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

தண்ணீரின் வழியே எல்லாம் போகும்

முதலில் இந்த மாவட்டத்து நீரமைப்பைப் பார்த்துவிடுவோம். இங்கே 2,000க்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. தனித்து நிற்பவை குறைவு. கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் ஆட்சியில் கட்டத் தொடங்கி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை, பிறகு வந்த பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள், அவற்றிலிருந்து பிரியும் தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, நாஞ்சில்நாடு புத்தனாறு, பட்டணங்கால் ஆகியவை எல்லாம் சேர்ந்து குளங்களையும் வயல்களையும் ஏலாக்கள் என்னும் வயல்வெளிகளையும் ஒரே தண்ணீரால் இணைக்கின்றன. ஒரு குளத்தின் மறுகால், அதாவது நிரம்பி வழியும் தண்ணீர், அடுத்த குளத்துக்கு வரத்து. மிஞ்சியது பழையாற்றில் விழுந்து மணக்குடிக் காயலுக்குப் போகும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் என்பதால் வருடத்தில் பல மாதங்கள் இந்த இணைப்பு அறுவதில்லை.

நாட்டு மீன்களின் வாழ்க்கை இந்த ஓட்டத்தை நம்பியே அமைந்தது. கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணை திறந்து, கூடவே மழையும் பிடித்தால், கெண்டை, குறவை, தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் புதுத்தண்ணீரை எதிர்த்து மேலேறும். வெள்ளம் பரவிய புல்தரையிலும் வயலிலும் முட்டையிடும். குஞ்சுகள் அங்கேயே வளர்ந்து, தண்ணீர் வடியும்போது குளத்துக்கு இறங்கும்.

இதே வழிதான் அயல் இனங்களுக்கும் வழி. ஒரு குளத்தில் விட்டது அந்தக் குளத்தோடு நிற்பதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோதும், 2021 நவம்பர் மழையிலும் குளங்கள் உடைந்து, கால்வாய் எது வயல் எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். அப்படி ஒரு வெள்ளம் வந்தால், பண்ணைக் குட்டையில் இருந்த மீன் ஆற்றுக்கு வர ஒரு ராத்திரி போதும். பக்கத்தில் கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு, அமேசானின் அரபைமாவும் வட அமெரிக்காவின் முதலைமூக்கு மீனும் ஆறுகளில் பிடிபட்டன. தொட்டியிலும் குட்டையிலும் வளர்த்தவைதான் அவை.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அதைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் பறவைகளைப் பற்றி எழுதினார்கள். ஆலாவும் சிறு மீன்கொத்தியும் சின்னக் கொக்கும் தின்பது விரல் நீளத்துக்கும் குறைவான மீனைத்தான். அந்த அளவு மீன் எந்த இனம், எந்த மாதத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் பறவைக்கும் அடிப்படை.

ஒரு குஞ்சு பிழைக்க என்ன வேண்டும்

கெண்டை வகைகளை எடுத்துக்கொள்வோம். ஓரத்துப் புல்லிலும் பாசியிலும் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும். காவல் கிடையாது. நம் ஊர் வெப்பத்தில் ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு உடனே இரை தேடாது. வயிற்றோடு ஒட்டிய கருவுணவுப் பையில் இருப்பதை வைத்து இரண்டு மூன்று நாள் ஓட்டும். அது தீருவதற்குள் வெளியே சாப்பாடு கிடைத்தாக வேண்டும். கிடைப்பதும் அதன் வாய்க்குள் நுழையும் அளவில் இருக்க வேண்டும். முதலில் கண்ணுக்கே தெரியாத சக்கர உயிரிகள், கொஞ்சம் வளர்ந்ததும் நீர்த்தெள்ளு போன்ற மிதவைப் பூச்சிகள். இந்த நேரத்தில் இரை தப்பினால், அப்புறம் கிடைத்தாலும் பிடித்துத் தின்னத் தெம்பு இருக்காது.

இரை மட்டும் போதாது. ஒளிந்துகொள்ளச் செடியின் தண்டுகளும் இலைகளும் வேண்டும். ஆனால் அவை தண்ணீரை மூடிவிடவும் கூடாது. கரைந்த ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் ஓரளவு தெளிந்திருக்க வேண்டும், ஏனென்றால் குஞ்சு கண்ணால் பார்த்துத்தான் இரை பிடிக்கிறது. இதெல்லாம் ஒன்றாக அமையும் இடம் ஆழமான நடுக்குளம் இல்லை, செடி அடர்ந்த ஓரம்.

இயல்பான காலத்திலேயே பெரும்பாலான குஞ்சுகள் செத்துப்போகும். அப்படியானால் இன்னும் கொஞ்சம் செத்தால் என்ன என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது அளந்து எடுத்த எண் இல்லை, புரிந்துகொள்வதற்கான உதாரணம். ஆயிரம் குஞ்சுகள். தினமும் நூற்றுக்குப் 10 சாகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று வாரம் கழித்து ஏறக்குறைய 110 மிஞ்சும். அந்த 10 என்பது 15 ஆனால் மிஞ்சுவது 33. இரை குறைந்து வளர்ச்சி மந்தமாகி, ஆபத்தான காலம் மூன்று வாரத்துக்குப் பதில் நான்கு வாரமாக நீண்டால், மிச்சம் 10 சொச்சம்தான். ஒவ்வொரு நாளும் சின்ன வித்தியாசம், முடிவில் பத்தில் ஒன்று. தின்பவர்கள் கூடுவதும் தீனி குறைவதும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. அயல் இனங்கள் குளத்துக்குள் செய்வது இதைத்தான். எதிரே வந்து எல்லாவற்றையும் கொன்றுவிடுவதில்லை, தினசரி இழப்பைக் கொஞ்சம் கூட்டி, வளர்ச்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினால் போதும்.

ஜிலேபி: வாய்க்குள் வளரும் குஞ்சு

ஜிலேபிக் கெண்டை என்று நாம் அழைக்கும் மொசாம்பிக் திலாப்பியா தென்கிழக்கு ஆப்பிரிக்க நதிகளின் மீன். இந்தியாவுக்கு 1952இல் கொண்டுவரப்பட்டது. நோக்கம் நல்லதுதான். எந்தத் தண்ணீரிலும் வளரும், தானாகப் பெருகும், ஏழைகளுக்கு மலிவான மீன் கிடைக்கும் என்று நினைத்தார்கள். நினைத்தபடியே பெருகியது. உப்புத் தண்ணீரையும் தாங்கும் என்பதால் நன்னீர்க் குளத்தில் தொடங்கிக் காயல் வரை அதற்குத் தடை இல்லை.

இதன் பலம் எங்கே இருக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆண் மீன் ஓரத்து ஆழமில்லாத தரையில் குழி பறித்து, அந்த இடத்தைத் தன்னுடையதாக்கி, வருகிற மற்ற மீன்களை விரட்டும். பெண் அந்தக் குழியில் முட்டையிட்டு, உடனே வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். முட்டை பொரிவது வாய்க்குள். கருவுணவு தீருவது வாய்க்குள். இரண்டு வாரம் போலக் கழித்துத்தான் குஞ்சுகள் வெளியே வரும். அதற்குப் பிறகும் சில நாள், ஆபத்து என்றால் தாயின் வாய்க்குள் ஓடிவிடும்.

கெண்டைக் குஞ்சு திறந்த தண்ணீரில் தனியாகத் தாண்ட வேண்டிய, மிகவும் ஆபத்தான அந்த நாட்களை ஜிலேபிக் குஞ்சு தாயின் வாயில் தாண்டிவிடுகிறது. வெளியே வரும்போது நீந்தத் தெரியும், தின்னத் தெரியும். வெளியே வந்ததும் என்ன தின்கிறது? பாசி, மக்கிய குப்பை, மிதவைப் பூச்சிகள், கிடைத்தால் மற்ற மீன்களின் முட்டையும் பொடிக்குஞ்சும். ஆக, அடுத்தவர் குஞ்சுக்கு ஓரத்தை ஆபத்தாக்கும் மீனே தன் குஞ்சை அந்த ஆபத்திலிருந்து காப்பாற்றிக்கொள்ளும் வழியையும் வைத்திருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு ஈட்டுக்குச் சில நூறு முட்டைதான், கெண்டையைவிடக் குறைவு. ஆனால் பிழைப்பது அதிகம்.

இதில் காலமும் சேர்ந்துகொள்கிறது. நாட்டு மீன்களில் பல மழைக்கும் புதுத்தண்ணீருக்கும் காத்திருந்து வருடத்தில் ஒன்றிரண்டு பருவத்தில் முட்டையிடுபவை. ஜிலேபி காத்திருப்பதில்லை. நம் வெப்பத்தில் ஏறக்குறைய வருடம் முழுக்க, ஒன்று ஒன்றரை மாதத்துக்கு ஒரு ஈடு. குளம் நெருக்கமானால் உடல் சிறுத்துப்போய், விரல் நீளத்திலேயே, இரண்டு மூன்று மாத வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். அதனால் ஜூனில் கெண்டைக் குஞ்சு ஓரத்துக்கு வரும்போது அந்த ஓரம் காலியாக இருப்பதில்லை. முந்தைய மாதங்களில் பிறந்த ஜிலேபிப் பொடிகள் ஏற்கெனவே அங்கே மேய்ந்துகொண்டிருக்கும். நீர்த்தெள்ளு தின்று தீர்ந்திருக்கும். நாட்டு மீன் முட்டையிட வேண்டிய செடியடியில் குழி பறித்திருக்கும்.

தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்களில் அமராவதியிலும் வைகையிலும் ஜிலேபி எப்படி முன்னணிக்கு வந்தது என்பது பழைய கதை. ராஜஸ்தானின் ஜெய்சமந்த் ஏரியில் இது பெருகிய பிறகு பெருங்கெண்டைகளின் சராசரி எடை குறைந்ததையும் மஹ்சீர் என்னும் பெரிய ஆற்று மீன் அருகியதையும் மீன்வளத் துறையினர் எழுதியிருக்கிறார்கள். பெரிய நீர்த்தேக்கத்திலேயே அப்படி என்றால், ஓரம் அதிகம் ஆழம் குறைவு என்ற அமைப்புள்ள நம் குளங்களில் ஜிலேபிக்கு இன்னும் வசதி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று கூலி வேலைக்குப் போகும் எத்தனையோ வீடுகளில் வாரத்துக்கு இரண்டு நாள் மீன்குழம்பு இந்த ஜிலேபியால்தான் நடக்கிறது. அதை விஷம் போல ஒதுக்கச் சொல்வது நியாயமில்லை. என் கருத்து நேர் எதிர்: இன்னும் அதிகம் பிடிக்க வேண்டும், அதுவும் பெரியதை மட்டும் எடுத்துச் சிறியதை விட்டுவிடாமல். பெரியதை மட்டும் அரித்து எடுத்தால், விரல் நீளத்தில் குஞ்சு ஈனும் கூட்டம்தான் குளத்தில் மிஞ்சும்.

கொசுவுக்காக விட்ட மீன்

கம்பூசியா அளவில் சின்னது, இரண்டு அங்குலத்துக்கு மேல் அரிதாகத்தான் வளரும். வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் கொசுப் புழுவைத் தின்னும் என்பதற்காக 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. கிணறு, தொட்டி, வடிகால் என்று இன்றும் பல ஊர்களில் விடுகிறார்கள். கிணற்றில் விட்டது கிணற்றில் நிற்கலாம். வடிகாலில் விட்டது கால்வாய்க்கு வராமல் இருக்காது.

இது முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு ஈடு. ஜிலேபி வாய்க்குள் செய்ததை இது வயிற்றுக்குள் செய்கிறது. முட்டைப் பருவமும் கருவுணவுப் பருவமும் முழுக்கத் தாயின் உடலுக்குள் முடிந்து, நீந்தத் தெரிந்த குட்டியாக வெளியே வருகிறது. அப்புறம் கொசுப் புழு, மிதவைப் பூச்சி, மீன் முட்டை, தன் வாயளவு குஞ்சு எதையும் விடாது. தன்னைவிடப் பெரிய குஞ்சின் துடுப்பைக் கடித்துக் காயப்படுத்தும் பழக்கமும் உண்டு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த, உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் கம்பூசியாவும் இருக்கிறது, ஜிலேபியும் இருக்கிறது, ஆகாயத்தாமரையும் இருக்கிறது.

எனக்கு வருத்தமாக இருப்பது, இதற்கு அவசியமே இல்லை என்பதுதான். தலையில் வெள்ளிப் புள்ளி மின்ன, தண்ணீரின் மேற்பரப்பை ஒட்டியே திரியும் நம் நாட்டுச் சிறுமீன் ஒன்று உண்டு. மலையாளத்தில் மானத்துகண்ணி என்பார்கள். கொசுப் புழுவை நன்றாகத் தின்னும். டெங்குக் காலத்தில் தொட்டிக்கும் கிணற்றுக்கும் மீன் விட வேண்டுமென்றால் இதைப் பெருக்கி விடலாம். தப்பிக் கால்வாய்க்குப் போனாலும் தன் ஊருக்குத்தான் போகும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியும் தொட்டி மீன்களும்

ஆப்பிரிக்கக் கெளுத்தி 1990களின் தொடக்கத்தில் வங்கதேசம் வழியாகத் திருட்டுத்தனமாக நாட்டுக்குள் வந்தது. வளர்க்கத் தடை போட்டு இருபது வருடங்களுக்கு மேலாகியும், கோழிக்கழிவு போட்டு ரகசியமாக வளர்ப்பது பல மாவட்டங்களில் பிடிபடுகிறது. இது குஞ்சுக்குக் காவல் இருக்கும் மீன் இல்லை. ஒரு பெரிய பெண் மீன் லட்சக்கணக்கில் முட்டையிட்டு, எண்ணிக்கையால் ஈடுகட்டிவிடும். காற்றைச் சுவாசிக்கும், ஈரத் தரையில் நகர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும், ராத்திரியில் வேட்டையாடும். பொதுவாக எல்லாரும் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். பயம் சரியானதே. ஆனால் குளத்து ஓரத்துக் குஞ்சுக் கூட்டத்தைப் பொறுத்தவரை ஆயிரக்கணக்கில் நிற்கும் ஜிலேபிப் பொடி இதைவிட அன்றாட ஆபத்து என்று நினைக்கிறேன்.

டேங்க் கிளீனர் என்று கண்ணாடித் தொட்டிக்காக விற்கும் தென் அமெரிக்க மீன் இன்னொன்று. உடம்பெல்லாம் கடினமான செதில் தகடு, பறவையும் பெரிய மீனும் அதைத் தின்னத் தயங்கும். திருவனந்தபுரம் நகரின் வடிகால்களில் இது பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இதுவும் கரையில் வளை தோண்டி அதற்குள் முட்டையிட்டு, ஆண் காவலிருக்கும். பாசியைச் சுரண்டித் தின்னும்போது பாசியில் ஒட்டிய முட்டையும் போகும். மண்கரைக் குளங்கள் நிறைந்த மாவட்டத்தில் அந்த வளை கரைக்கும் நல்லதில்லை. தொட்டி சின்னதாகிவிட்டது, மீனைக் கொல்ல மனமில்லை என்று குளத்தில் கொண்டுவிடுபவர்கள் இரக்கப்பட்டுத்தான் செய்கிறார்கள். அந்த ஒரு மீனுக்குக் காட்டும் இரக்கத்துக்கு ஆயிரம் குஞ்சுகள் விலை கொடுக்கின்றன. விற்ற கடையில் திருப்பிக் கொடுக்கலாம், வேறொருவருக்குக் கொடுக்கலாம், குளத்தில் மட்டும் விடக் கூடாது.

மேலே பச்சை, கீழே மூச்சுமுட்டல்

செடிகள் வேறு வகையில் வேலை செய்கின்றன. ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்து நாடெங்கும் பரவியது. கழிவுநீர் சேர்ந்து சத்து மிகுந்த தண்ணீரில் ஒன்றிரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். நாகர்கோவிலைச் சுற்றிய குளங்களில் சாக்கடை கலக்கக் கலக்க இது அடர்வதற்குக் காரணம் இதுதான்.

குளத்தின் மேற்பரப்பை இது முழுக்க மூடினால், கீழே வெளிச்சம் போகாது. வெளிச்சம் இல்லாவிட்டால் தண்ணீருக்குள் இருக்கும் பாசியும் வேலம்பாசி போன்ற மூழ்கிய செடிகளும் சாகும். அவற்றோடு, பகலில் தண்ணீருக்குக் கிடைத்துவந்த ஆக்சிஜனும் நின்றுபோகும். காற்று பட்டு அலையடிப்பதும் நிற்கும். அடியில் அழுகும் இலைகளும் வேர்களும் இருக்கிற கொஞ்சத்தையும் உறிஞ்சும். நுண்பாசியைத் தின்னும் சக்கர உயிரியும் நீர்த்தெள்ளும் குறையும். குஞ்சுக்கு மூச்சும் போய், முதல் சாப்பாடும் போய், முட்டை ஒட்டும் செடியும் போய்விடுகிறது.

விரால், குறவை, பனையேறி, தேளி ஆகியவை காற்றைச் சுவாசிக்கும் மீன்கள்தானே, அவற்றுக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வளர்ந்த மீனுக்கு அது சரி. குஞ்சுக்கு அந்த உறுப்பு வளர இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகும். அதுவரை அதுவும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைச் செவுளால் எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகும் மேலே வந்து காற்று குடிக்கத் திறந்த மேற்பரப்பு வேண்டும். அடர்ந்த செடிப் பாயில் அந்த இடைவெளி கிடைக்காது.

ஆனால் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் சின்னத் திட்டான ஆகாயத்தாமரையின் வேர்க்கொத்தில் பூச்சிகளும் இருக்கும், குஞ்சும் ஒளிந்திருக்கும். வேரைத் தூக்கி உதறிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கெடுதல் முழுப்பரப்பையும் மூடுவதில் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அகற்றும் வேலையில் இது முக்கியம். குஞ்சு நிறைந்த ஜூலையிலோ நவம்பரிலோ இயந்திரத்தை இறக்கி ஓரத்தோடு சேர்த்து வாரிக் கரையில் கொட்டினால், வேரோடு குஞ்சும் கரையில் காயும். மருந்தடித்து அப்படியே அழுகவிட்டால், அழுகும்போது போகிற ஆக்சிஜன் மிச்சக் குஞ்சையும் கொல்லும். தண்ணீர் இறங்கிய கோடையில், அணை மூடியிருக்கும் காலத்தில், பகுதி பகுதியாக வாரி வெளியே கொண்டுபோவதுதான் நல்லது. விதை பல வருடம் சேற்றில் உயிரோடு கிடக்கும் என்பதால் ஒருமுறை வாரினால் முடிகிற வேலையும் இல்லை.

ஆப்பிரிக்கப் பாயல் என்று கேரளத்தில் சொல்லும் சால்வினியாவும் இதையேதான் செய்யும். உண்மையில் அது பிரேசில் நாட்டுச் செடி. ஒரு நம்பிக்கையான செய்தியும் அதில் உண்டு. 1980களில் அதைத் தின்னும் ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டதில், கேரளத்தின் பல நீர்நிலைகளில் அது கட்டுக்குள் வந்தது. ஆகாயத்தாமரைக்கும் அதே பத்தாண்டில் வண்டு விட்டார்கள். அது அவ்வளவு வேகமாகப் பலன் தரவில்லை. சாக்கடை ஊட்டும் வேகத்துக்கு வண்டால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

நாமே விடும் மீன்கள்

கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் வட இந்திய நதிகளின் மீன்கள். நிற்கும் குளத்தில் முட்டையிடாது என்பதால் ஒவ்வொரு வருடமும் குஞ்சு வாங்கி விடுகிறார்கள். தானாகப் பெருகாததால் இவற்றை ஆக்கிரமிப்பு இனம் என்று சொல்வது பொருந்தாது. ஆனால் கட்லா வளர்ந்த பிறகும் மிதவைப் பூச்சிகளைத்தான் வடிகட்டித் தின்கிறது. நாட்டுக் குஞ்சின் முதல் சாப்பாடும் அதுதான். அளவுக்கு மேல் நெருக்கி விட்டால் குஞ்சுக்குப் பங்கு குறையும். சாதாக் கெண்டை என்னும் காமன் கார்ப் நிற்கும் தண்ணீரிலேயே முட்டையிடும். சேற்றைக் கிளறி இரை தேடுவதால் தண்ணீர் கலங்கி, முட்டைகளின் மேல் வண்டல் படியும். புல்கெண்டை, பெயருக்கேற்பப் புல்லையும் மூழ்கிய செடிகளையும் தின்று, குஞ்சு ஒளியும் இடத்தையே காலி செய்யும். குத்தகைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏலத் தொகையைத் திருப்பி எடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. எதை, எவ்வளவு விடலாம் என்பதைக் குத்தகை விதி தீர்மானிக்க வேண்டும்.

குஞ்சுப் பருவத்தில் விழும் அடி எவ்வளவு சுற்றுவழியாக வரலாம் என்பதற்கு வட அமெரிக்காவின் பேரேரிகள் நல்ல பாடம். அங்கே 1980களின் கடைசியில் ஐரோப்பியக் கப்பல்கள் சாயாமலிருக்க அடியில் ஏற்றிவரும் நிலைநிறுத்து நீரோடு வரிக்குதிரைச் சிப்பி வந்தது. அது மீனைத் தொடவே இல்லை. தண்ணீரை வடிகட்டி நுண்பாசியைத் தின்றது. நுண்பாசி போனதும் மிதவைப் பூச்சி குறைந்தது, மீன்குஞ்சின் சாப்பாடு போனது. இன்னொரு அயல் மீனான ஏல்வைஃப், டிரவுட் குஞ்சுகளைத் தின்றதோடு நிற்கவில்லை. அதன் உடலில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி அதிகம். அதை இரையாகத் தின்ற தாய் டிரவுட்டின் முட்டைகளில் அந்த வைட்டமின் குறைந்து, பொரிந்த குஞ்சுகள் சில வாரங்களில் செத்தன. பெரிய மீன் கொழுத்துத் திரிந்தது, அடுத்த தலைமுறை வரவில்லை. வெளியே பார்த்தால் ஏரியில் ஒரு குறையும் தெரிந்திருக்காது.

எல்லாப் பழியையும் அயல் இனங்கள் மேல் போடவும் கூடாது. சாக்கடை, வயல் மருந்து, குளத்துக்குள் நீளும் ஆக்கிரமிப்பு, ஓரத்துச் செடியே இல்லாமல் செங்குத்தாகக் கட்டும் கான்கிரீட் சுவர் எல்லாம் குஞ்சின் இடத்தைத்தான் முதலில் பறிக்கின்றன. கெட்ட தண்ணீரைத் தாங்கும் ஜிலேபிக்கும் கம்பூசியாவுக்கும் அது வசதியாகிறது. நம் கையாலும் ஒன்று நடக்கிறது. விரால் தன் குஞ்சுக்குக் காவலிருக்கும் நல்ல பெற்றோர். செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே வந்து கொப்பளிக்கும் இடத்தில் தூண்டிலை வீசினால், காவலிருக்கும் விரால் கோபத்தில் பாய்ந்து மாட்டிக்கொள்ளும். அந்த ஒரு விரால் போனால், ஜிலேபிப் பொடிகளுக்கு நடுவே அந்தக் கூட்டம் அன்று மாலைக்குள் சிதறிவிடும். தூண்டில் போடும் நண்பர்கள் அந்த சில வாரம் மட்டும் குஞ்சோடு இருக்கும் விராலை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, என்னதான் செய்யலாம்? ஜிலேபியைக் குளத்திலிருந்து ஒரேயடியாக ஒழிப்பது, கால்வாயால் இணைந்த இந்த அமைப்பில் நடக்காத காரியம். குறைக்கலாம். கோடையில் தண்ணீர் ஓரத்திலிருந்து இறங்கி நடுவே ஒதுங்கும்போது சிறுகண் வலையால் பொடியையும் சேர்த்து எடுத்தால், ஜூனில் நாட்டுக் குஞ்சு வரும்போது ஓரம் ஓரளவாவது காலியாக இருக்கும். அதே சிறுகண் வலையை மழைக்காலத்தில் போட்டால் நாட்டுக் குஞ்சையும் அரித்துவிடும், அப்போது கூடாது. விரால் போன்ற இரைதின்னி நாட்டு மீன் குளத்தில் நிறைய இருந்தால் ஜிலேபிப் பொடியை அதுவே குறைக்கும். குளம் தூர்வாரும்போது ஒரு பக்கமாவது சரிவான மண்கரையும் கோரையும் செடியும் விட்டுவைக்க வேண்டும். குத்தகைப் பத்திரத்தில் புல்கெண்டை, சாதாக் கெண்டை, திலாப்பியா விடக் கூடாது என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இன்னொன்று, கணக்கெடுப்பு. குளத்தில் மீன் எவ்வளவு என்பதை இன்று பிடிபட்ட எடையால் அளக்கிறோம். குஞ்சு அதில் வராது. கொசுவலைத் துணி கட்டிய ஒரு கைவலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு அளவுகோல் இருந்தால் போதும். ஒவ்வொரு குளத்திலும் செடியுள்ள ஓரம், செடியில்லாத ஓரம், மறுகால் பக்கம் என்று அதே இடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை அரித்துப் பார்த்து, எந்த இனம், என்ன நீளம், எத்தனை என்று எழுதிவிட்டு உயிரோடு திரும்ப விடலாம். விலங்கியல் படிக்கும் மாணவர்களால் செய்யக்கூடிய வேலை இது. ஈரநிலங்களில் வனத்துறையின் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். தேரூரிலும் வேம்பனூரிலும் தொடங்கி, அதே கால்வாயில் மேலேயும் கீழேயும் இருக்கும் குளங்களைச் சேர்த்துக்கொண்டால், ஜூலையில் இருந்த கெண்டைக் குஞ்சு ஆகஸ்டில் எத்தனை மிஞ்சியது, எந்த ஓரத்தில் மிஞ்சியது, பக்கத்தில் ஜிலேபிப் பொடி எவ்வளவு இருந்தது என்பது மூன்று நான்கு வருடத்தில் தெரிந்துவிடும். எந்தக் குளத்தில் முதலில் வலை போடுவது, எங்கே ஆகாயத்தாமரையை வாருவது, எந்தக் கரையைத் தொடாமல் விடுவது என்பதை அப்போது ஊகத்தில் இல்லாமல் அந்த எண்களைப் பார்த்து முடிவுசெய்யலாம்.